எதிரிக்கும் ஒரு விதி வேண்டும்

கணிப்பொறி விளையாட்டுகளைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கருத்துகளே உலவுகின்றன. பிள்ளைகளுக்கு அவை உயிர்; பெற்றோருக்கு அவை பகை. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருவானாலும், திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டோரத்துச் சிற்றூரானாலும், செல்பேசி வழியே இவ்விளையாட்டுகள் இன்று வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் ஒரு நாவலையோ நாடகத்தையோ எடுத்து ஆராய்வதைப் போல, ஒரு விளையாட்டை எடுத்து வைத்து, இதில் எது சிறப்பு, எது குறை, ஏன் என்று கேட்போர் மிகக் குறைவு. இக்கட்டுரையில் அவ்விளையாட்டுகளின் ஒரே ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது எதிரிக் கூட்டம்.

வாசகர்களே, ஆடி முடித்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் சில எதிரிக் கூட்டங்கள் நினைவில் நிற்கின்றன. ஆயிரக்கணக்கில் வந்து மடிந்த வேறு சில கூட்டங்கள் மறுநாளே மறந்து போகின்றன. இதற்கு என்ன காரணம்? கோரைப் பல்லும் சிவந்த கண்ணுமா? படையின் பெருக்கமா? ஓவியத்தின் அழகா? இவையெல்லாம் முதல் பார்வையில் மிரட்டும், அவ்வளவே. நினைவில் நிற்கும் எதிரிக்கு, அதற்கே உரிய ஒரு விதி இருக்கும். நாம் உற்று நோக்கினால் கண்டுபிடிக்கக்கூடிய விதியாகவும் அது இருக்கும். இதுவே இக்கட்டுரையின் முடிவு. இதை மெய்ப்பிக்க ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போகுமுன், நம் ஊர் மரத்தடியிலிருந்தே தொடங்கலாம்.

3 புலிகள், 15 ஆடுகள்

ஆடு புலி ஆட்டம் அறியாத கரிசல் காட்டு ஊர் இராது. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் இதன் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காணலாம். கரித்துண்டால் கோடு கிழித்து, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடுவோரும் உண்டு. கட்டத்தில் 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15.

சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் ஒரே படை, ஒரே விதி. இங்கோ இரு தரப்பும் முற்றிலும் வேறு. புலி, அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அதற்கப்பால் உள்ள காலிப் புள்ளியில் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் கிடையாது. 15 ஆடுகளும் ஒவ்வொன்றாக இறக்கப்பட்ட பின்னரே அவை நகரலாம். புலி எத்தனை ஆட்டை வெட்ட முடியும் என்று பார்க்கும். ஆடுகளோ புலி அசையவே முடியாதபடி அடைக்கப் பார்க்கும். வலிமை ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். நேபாளத்தில் 4 புலிகள், 20 ஆடுகளுடன் ஆடப்படும் பாக்சால் என்னும் ஆட்டமும் இதே இனத்தைச் சேர்ந்ததே.

இதில் புலி ஏன் மறக்க முடியாத எதிரியாகிறது? அதன் வலிமையும் பலவீனமும் ஒரே விதியிலிருந்து பிறக்கின்றன. தாண்டுவதற்கு அப்பால் ஒரு காலி இடம் வேண்டும். ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும் இரண்டு ஆடுகளைப் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டுக் கிடை போடுபவர்கள் தனித்த ஆட்டை மேய விடுவதில்லை. அவர்கள் அறிந்த அதே உண்மையைத்தான் இந்தக் கட்டமும் சொல்கிறது. இம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில், திருவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதி 2021ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிழக்கே உள்ள நம் வறண்ட சமவெளியிலோ புலியை நேரில் கண்டவர் இலர். ஆயினும் புலி எப்படி நடக்கும் என்பதை 23 புள்ளிகளில் குழந்தைகளும் அறிவார்கள்.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி ஆடுவது வழக்கம். சற்று முன் ஆட்டைக் காத்தவர் இப்போது புலி. எதிரியின் இடத்தில் அமர்ந்து அதன் கண்ணால் கட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பை இந்த ஆட்டம் தருகிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கணிப்பொறி விளையாட்டுகளை அளந்து பார்ப்போம்.

55 படையினரும் 4 ஆவிகளும்

1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய விளையாட்டு ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வேற்றுலகப் படையினர் வரிசைக்கு 11 பேராக, 5 வரிசைகளில் 55 பேர் திரையின் மேலிருந்து இறங்குவார்கள். பக்கவாட்டில் நகர்ந்து, விளிம்பைத் தொட்டதும் ஒரு படி கீழிறங்கி, மறுபக்கம் திரும்புவார்கள். இவ்வளவே அவர்களுடைய விதி.

ஆனால் ஒருவர் பின் ஒருவராகச் சுடச்சுட, எஞ்சியவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். இதற்குக் காரணம் கருவியிலேயே இருந்தது. அந்நாளைய இன்டெல் 8080 செயலிக்கு 55 உருவங்களை வரைவது பெரும் சுமை. உருவங்கள் குறையக் குறையச் சுமை குறைந்து வேகம் கூடியது. நிஷிகாடோ இதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். தன் கூட்டத்தை இழந்த கடைசி வீரன் வெறிகொண்டு ஓடி வருவதாக ஆடுபவர் உணர்ந்தார். கருவியின் இயலாமை எதிரியின் குணமாகிவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, 1980இல், நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாடானி உருவாக்கிய பேக்-மேன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் எதிரிகள் நால்வர். நான்கு நிற ஆவிகள். நால்வருக்கும் நான்கு விதிகள்.

கிடைக்குத் திரும்பாமல் காட்டில் ஓடும் ஓர் ஆட்டை நான்கு சிறுவர்கள் மடக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல்வன் ஆட்டின் பின்னாலேயே ஓடுகிறான். இது சிவப்பு ஆவி. இரண்டாமவன் ஆடு போகும் திசையில் முன்னே சென்று மறிக்கிறான். இளஞ்சிவப்பு ஆவி இப்படித்தான் நமக்கு 4 கட்டம் முன்னே உள்ள இடத்தைக் குறிவைக்கும். மூன்றாமவன் முதல்வன் எங்கே நிற்கிறான் என்றும் பார்த்து, எதிர்ப்புறமாக வளைக்கிறான். இது நீல ஆவி. நான்காமவன் தொலைவில் இருக்கும்வரை துரத்துவான். 8 கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடுவான். இது ஆரஞ்சு நிற ஆவி.

நால்வரும் ஓயாமல் துரத்துவதும் இல்லை. முதல் கட்டத்தில் சுமார் 7 வினாடி தத்தம் மூலைகளுக்குச் சிதறி, பிறகு 20 வினாடி துரத்தி, மீண்டும் சிதறுகிறார்கள். ஆடுபவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஒவ்வொரு விதியும் ஒரு வரியில் எழுதிவிடக் கூடியது. ஆனால் நான்கும் சேரும்போது, திட்டமிட்டுச் சுற்றி வளைக்கும் ஒரு கூட்டம் தோன்றுகிறது. எளிய விதிகள் கூடிச் சிக்கலான நடத்தையை உண்டாக்கும் என்பது எறும்புக் கூட்டத்திலும் பறவைக் கூட்டத்திலும் அறிவியலார் காணும் உண்மை. அதைக் குழந்தைகளின் கைக்குக் கொண்டுவந்த பெருமை இவ்விளையாட்டுக்கு உண்டு.

அறிவா, அறிவின் தோற்றமா?

பின்னர் கணிப்பொறிகளின் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. எதிரியின் அறிவும் அதே அளவு பெருகியதா?

2001இல் பங்ஜி நிறுவனம் வெளியிட்ட ஹேலோ விளையாட்டில் கோவனன்ட் என்னும் எதிரிக் கூட்டணி வருகிறது. பல இனத்தார் சேர்ந்த கூட்டணி அது. குள்ளமான படையினர் தம் தலைவன் வீழ்ந்ததும் கூச்சலிட்டுச் சிதறி ஓடுவார்கள். ஆகவே யாரை முதலில் வீழ்த்துவது என்று ஆடுபவர் சிந்திக்க வேண்டியிருக்கிறது. இது நல்ல விதி. இதனினும் சுவையானது, அதை ஆக்கியவர்கள் செய்து பார்த்த சோதனை. எதிரிகள் எளிதில் மடிந்தபோது, அவர்களை அறிவுள்ளவர்கள் என்று சொன்ன ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே. சிந்திக்கும் பகுதியைத் தொடாமல் எதிரிகளின் வலுவை மட்டும் கூட்டியபோது, பலர் அவர்களை மிகுந்த அறிவுள்ளவர்கள் என்றார்கள். சற்று நேரம் உயிரோடு இருந்தால்தானே எதிரி தன் அறிவைக் காட்ட முடியும்!

2005இல் வந்த ஃபியர் என்ற விளையாட்டில் ஜெஃப் ஆர்க்கின் வேறு வழியைக் கையாண்டார். எதிரி வீரனுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர் பட்டியலிட்டுக் கொடுக்கவில்லை. எட்ட வேண்டிய இலக்கையும், செய்யக்கூடிய செயல்களையும் கொடுத்தார். சூழ்நிலைக்கு ஏற்ப, எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல் என்று வீரனே திட்டம் வகுத்துக்கொள்வான். ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுவான். இத்துடன் வீரர்கள் தமக்குள் உரக்கப் பேசிக்கொள்ளவும் செய்தார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்குத் தேவையே இல்லை. முடிவுகள் ஏற்கெனவே நிரலுக்குள் எடுக்கப்பட்டுவிட்டன. நம் காதில் விழுவதற்காகவே அவர்கள் பேசினார்கள். எதிரியின் எண்ணம் நமக்குத் தெரிந்தால்தான் அவன் அறிவாளி என்று நாம் நம்புவோம். தெரியாத அறிவு, ஆட்டத்தைப் பொறுத்தவரை, இல்லாத அறிவே.

2014இல் வெளிவந்த ஷேடோ ஆஃப் மோர்டார் எதிரிக்கு நினைவாற்றலையும் கொடுத்தது. அதில் ஓர்க் இனப் படைத்தலைவர்கள் ஒவ்வொருவருக்கும் பெயரும், அச்சமும், வெறுப்பும் உண்டு. நம்மை வீழ்த்தியவன் பதவி உயர்வு பெறுவான். தீயில் தப்பியவன் தழும்போடு திரும்பி வந்து பழைய சண்டையை நினைவூட்டுவான். ஒரு கூட்டத்துக்குள் தனித்தனி ஆட்களை நாம் அடையாளம் காண முடிந்தது. ஆனால் இந்த முறைக்கு வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. உருவாக்கிய மோனோலித் நிறுவனம் 2025இல் மூடப்பட்டது. நல்லதொரு கருத்து ஊர்ப் பொதுக் கிணறு போல எல்லாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடப்பது வருந்தத்தக்கது. ஆடு புலி ஆட்டத்துக்கு யாரும் காப்புரிமை வாங்கியிருந்தால், அது நம் ஊர் மண்டபம் வரை வந்திருக்குமா?

காந்தியடிகளும் 255ஆம் எண்ணும்

இதுவரை கண்ட எதிரிகள் கற்பனைப் பிறவிகள். உண்மையான மக்கள் எதிரிக் கூட்டமாக வரும்போது சிக்கல் தொடங்குகிறது. நாமே அப்படி வந்திருக்கிறோம்.

1991இல் சிட் மேயர் உருவாக்கிய சிவிலைசேஷன் விளையாட்டில் இந்தியர்கள் ஒரு தரப்பு, தலைவர் காந்தியடிகள். இவர் திடீரென அணுகுண்டு வீசுவார் என்றும், அது நிரலில் நேர்ந்த பிழை என்றும் ஒரு கதை உலகெங்கும் பரவியது. கதை இதுதான்: போர்க்குணத்தை அளக்கும் எண் காந்திக்கு 1. மக்களாட்சி வந்ததும் அதில் 2 குறைய வேண்டும். 8 பிட் கொண்ட ஓர் எண், குறைக்குறி இல்லாதபோது, 0 முதல் 255 வரை மட்டுமே காட்டும். ஒரு வண்டியின் தூரங்காட்டியை 000 என்ற இடத்திலிருந்து ஒரு படி பின்னோக்கிச் சுழற்றினால் 999 வருமல்லவா? அதுபோல 1இலிருந்து 2ஐக் கழித்ததும் 255 ஆகிவிட்டது. அடிகளார் பெரும் போர்வெறியர் ஆனார்!

கணக்கு சரி, கதை பொய். அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று சிட் மேயர் 2020இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் மறுத்தார். அந்த ஆட்டத்தில் அணுகுண்டு பெற்ற எந்தத் தலைவரும் ஒரே மாதிரிதான் மிரட்டினார். ஆனால் 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில், 10க்கு மேல் போகாத ஓர் அளவில், காந்தியின் அணுகுண்டு நாட்டத்துக்கு வேண்டுமென்றே 12 கொடுத்து வைத்தார்கள். வேடிக்கை என்றே செய்தார்கள். நாம் சிரிக்கலாம். ஆயினும் நாம் அளவுகோலாகக் கொண்ட விதியின்படி பார்த்தால் இது குறையே. எதிரியின் நடத்தைக்கு அவருடைய வரலாற்றில் வேர் இல்லை. முரண்பாட்டின் கிச்சுகிச்சு மட்டுமே உண்டு.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டின் இரண்டாம் பாகம். 1999இல் வந்த அவ்விளையாட்டில் 2013இல்தான் இந்தியர் என்ற தரப்பு சேர்ந்தது. இத்தனை பெரிய நாட்டுக்கு ஒரே படை! 2022இல் இதைத் திருத்தி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் எனப் புதிய தரப்புகளைச் சேர்த்தார்கள். இராசேந்திர சோழனின் போர்களும் ஆடக் கிடைத்தன. ஒரு மொழிக் குடும்பத்தின் பெயரைப் படைக்குச் சூட்டியது பொருந்தாது என்று வாதாடலாம். ஆனால் விதியைப் பாருங்கள். திராவிடர் தரப்புக்குக் குதிரைப் படை மிக வலுவற்றது. தென்னாட்டில் போர்க்குதிரை எளிதில் பெருகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் அரபு, பாரசீகக் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்துக் காயல் துறையில் இறக்கினார்கள்; அவற்றில் பல விரைவில் மடிந்தன என்பதை மார்க்கோ போலோவும் எழுதியுள்ளார். இந்தத் தரப்பை எதிர்த்து ஆடும் ஓர் அயல்நாட்டுச் சிறுவன், தன்னை அறியாமலே நம் மண்ணின் ஓர் உண்மையைக் கற்கிறான். எதிரியாக வந்தாலும் நாம் மதிப்போடு வந்திருக்கிறோம்.

முகமில்லாத எதிரி

நம் நாட்டில் ஆக்கப்பட்ட ஒரு விளையாட்டையும் எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தனர். அதை அடிப்படையாகக் கொண்டு பெங்களூரின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் 2021 ஜனவரி 26 அன்று ஃபௌஜி என்னும் விளையாட்டை வெளியிட்டது. எதிர்பார்ப்பு பெரிது. ஆனால் வெளியானபோது அதில் கண்டது என்ன? எதிரிகள் வருகிறார்கள், கைகலப்பு நடக்கிறது, விழுகிறார்கள், அதே போன்றவர்கள் மீண்டும் வருகிறார்கள். ஒருவனுக்கும் மற்றவனுக்கும் நடத்தையில் வேறுபாடு இல்லை. அவர்கள் கற்றுத் தருவதும் ஒன்றுமில்லை. உண்மையான வீரர்களின் தியாகத்தைச் சொல்ல வந்த விளையாட்டில், அவர்கள் எதிர்கொண்ட இடர் எத்தகையது என்பதே விளங்காமல் போயிற்று. எதிரியை மரப்பொம்மையாக்கினால், அவனை எதிர்த்து நின்றவரின் வீரமும் சிறுத்துவிடுகிறது.

இது வெறும் கலைக்குறை மட்டும்தானா? நம் வட்டார வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என ஒன்றைக் கொண்டுவந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது; அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டத்திலும் அது பாய்ந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அம்மாவட்டத்தில் இருந்தவையே. ஒரு மனிதன் என்ன செய்தான் என்று பாராமல், எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்று மட்டும் பார்த்து, அவன் பெயரையும் கைரேகையையும் பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. பல தலைவர்கள் போராடிய பின், 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதிலும் அது ஒழிந்தது.

விளையாட்டு வேறு, சட்டம் வேறு. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகச் சொல்ல முடியாது. ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கூட்டத்தில் உள்ள எல்லாரும் ஒரே மாதிரி, ஏன் அப்படி என்று கேட்க வேண்டியதில்லை, கண்டால் தாக்கலாம். வேற்றுலகப் பிறவிகளைச் சுடும்போது இது யாரையும் நோகடிக்காது. எதிரிக்கு உண்மையான ஒரு நாட்டின், மதத்தின், சாதியின் அடையாளத்தைக் கொடுக்கும்போது, அதே எண்ணம் ஆடுபவரின் உள்ளத்தில் பழக்கமாகப் படிய இடமுண்டு. ஆகவே உண்மை மனிதரை எதிரியாக்கும் விளையாட்டுக்கு நாம் கூடுதல் கடுமையோடு மதிப்பெண் இட வேண்டும். இவர்கள் என்ன விரும்புகிறார்கள்? எதற்கு அஞ்சுகிறார்கள்? இவர்கள் பக்கம் மாறி ஆட முடியுமா? இம்மூன்றுக்கும் விடை தராத விளையாட்டு, ஓவியத்தில் எவ்வளவு மின்னினாலும், ஆடு புலி ஆட்டத்துக்குக் கீழேதான்.

செய்து பாருங்கள்

இதையெல்லாம் சோதிக்கச் செல்பேசி தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும். உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து அடிக்கோடு வரை 4 கோடுகள் இழுங்கள். அவற்றின் குறுக்கே, இருபுறமும் சற்று நீளும்படி 3 கோடுகள் இழுத்து, அவற்றின் முனைகளை இருபக்கமும் இணையுங்கள். அடிக்கோடு வெளிக்கோடுகளுக்குள் நிற்கட்டும். எண்ணினால் 23 புள்ளிகள் வரும்.

இப்போது ஒருவர் ஆடுகளை ஆடட்டும். மற்றொருவர் புலிகளை ஆட வேண்டும். ஆனால் சொந்தமாகச் சிந்திக்கக் கூடாது. கணிப்பொறி போலக் கீழ்க்கண்ட விதிகளை வரிசையாகப் படித்து, பொருந்தும் முதல் விதிப்படி மட்டும் நடக்க வேண்டும்.

1. வெட்ட முடிந்தால் வெட்டு.
2. முடியாவிட்டால், அடுத்த முறை ஓர் ஆட்டை வெட்டக்கூடிய புள்ளிக்கு நகர்.
3. அதுவும் இயலாவிட்டால், சுற்றிலும் காலிப் புள்ளிகள் மிகுதியாக உள்ள இடத்துக்கு நகர்.

சில ஆட்டங்களிலேயே ஆடுபவர் ஒன்றைக் கண்டுகொள்வார். முதல் விதி புலியைப் பேராசைக்காரனாக்குகிறது. ஓர் ஆட்டைப் பலிகொடுத்து அதை மூலைக்கு இழுத்து அடைக்கலாம். நம் வழக்கமான ஆட்டத்தில் வெட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் புலிக்கு இல்லை என்பதன் அருமை அப்போது விளங்கும். பிறகு மூன்றாம் விதியை நீக்கிவிட்டு, எஞ்சிய நேரங்களில் மனம்போன போக்கில் நகர்த்திப் பாருங்கள். அதன் பிறகு பேக்-மேன் ஆவிகளைப் போல மூன்று புலிகளுக்கும் மூன்று வேறு விதிகளை எழுதிப் பாருங்கள். எந்தப் புலி உங்கள் நண்பரின் நினைவில் நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மறவாமல் பக்கம் மாறுங்கள்.